அவிழ்க்காமல் இறக்கிய கயிறு

1. விடுப்பு முடிந்து

மகப்பேறு விடுப்பு முடிந்து எக்ஸ்ரே அறைக்குத் திரும்பியபோது வேலை எதுவும் மறந்திருக்கவில்லை. பயம் மட்டும் புதிதாக வந்திருந்தது. எக்ஸ்ரே துணியில் ஒட்டாது, உடம்பில் தங்காது என்பது நான் படித்த பாடம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பதும்கூட. ஆனாலும் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும், தில்லிக் குளிரிலும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொடுவேன். அவள் கையை நீட்டி அழுவாள். "அம்மா குளிச்சிட்டு வரட்டும்டா" என்று கணவர் அவளை ஜன்னல் பக்கம் தூக்கிப் போவார். அவர் என்னைக் கேலி செய்ததில்லை. செய்திருந்தால் அந்தப் பழக்கத்தை முன்பே விட்டிருப்பேனோ என்னவோ.

2. வெள்ளிக் காசு

ஒரு சனிக்கிழமை முனிர்காவிலிருந்து ஒரு இளம் தம்பதி தவழும் பையனோடு ஓடி வந்தார்கள். ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியைக் காணவில்லை. பையன் விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம். அது உணவுக்குழாயில் சிக்கினால் சீக்கிரமே சதையை அரித்துவிடும். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே படம் எடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார்.

சீட்டில் பெயரைப் பார்த்துத் தமிழில் பேசினேன். "நீங்க தமிழாக்கா? அப்பாடா" என்றாள் தாய்.

"பிள்ளையை ஒருத்தர் பிடிச்சுக்கணும்மா. உங்க வயித்துல குழந்தை ஏதும் இருக்க வாய்ப்பிருக்கா?"

அவள் கணவனைப் பார்த்தாள். "உறுதியா தெரியலக்கா."

"அப்ப அப்பா பிடிக்கட்டும்" என்று அவரிடம் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனைக் கொடுத்தேன். பையனின் சட்டையையும் டயப்பரையும் கழற்றினால், இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. அதில் வட்டமாக ஒரு வெள்ளிக் காசு.

"இதைக் கழட்டணும்மா."

"ஐயோ, வேண்டாம்க்கா. குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டுக் கட்டுனது. மொட்டை போடுற வரைக்கும் அவுக்கக் கூடாது."

"அவுத்தோம்னு தெரிஞ்சா எங்கம்மா அடுத்த ரயிலப் பிடிச்சு வந்துருவாங்க மேடம்" என்றார் கணவர்.

"ரிமோட்டைப் பிள்ளை கையில குடுத்தது நீங்க. பேசாம இருங்க" என்றாள் அவள்.

கன்சோலில் இருந்த யாதவ் பையா, என் சீனியர், பொறுமை இழந்தார். "அரே மேடம், ஜல்தி கரோ! தாகா ரஹ்னே தோ, தூஸ்ரா லே லேங்கே." கயிறு இருக்கட்டும், படம் சரியில்லை என்றால் இன்னொன்று எடுத்துக்கொள்வோம் என்கிறார்.

அந்த இன்னொன்றுதான் எனக்குப் பிடிக்காதது. காசு கிட்டத்தட்ட பட்டன் பேட்டரியின் அளவு. படத்தில் வயிற்றின் மேல் வட்டமாக ஏதாவது தெரிந்தால், காசா பேட்டரியா என்று மறுபடி படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தின் கதிர் குறைவுதான். குறைவு என்பதால் ஒரு பிள்ளைக்குத் தேவையில்லாமல் இரண்டு முறை கொடுக்கலாமா? அதே சமயம் பேட்டரி உள்ளே இருந்தால் நின்று வாதாடவும் நேரமில்லை. கயிற்றை வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் தோன்றியது.

"அவுக்க வேண்டாம்மா. உடம்பை விட்டும் எடுக்க வேண்டாம். முழங்காலுக்கு இறக்கி விட்டுக்கலாமா?"

"இறக்கினா அவுத்த மாதிரி ஆகாதுல்ல?"

"முடிச்சு போட்டபடியேதானே இருக்கு" என்றார் கணவர். அன்று அவர் சொன்னதில் அவள் ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான்.

கயிறு பிட்டத்தில் சிக்கியது. நான் கேட்பதற்கு முன்பே யாதவ் பையா பக்கத்து அறைக்குப் போய் அல்ட்ராசவுண்டு ஜெல்லோடு வந்தார். "வாஹ் மேடம், பகவான் கே லியே பீ ஜெல்!" என்று சிரித்தார். கடவுளுக்கும் ஜெல் தடவ வைத்துவிட்டேனாம். கயிறு வழுக்கிக்கொண்டு முழங்காலுக்கு இறங்கியது. தாயை வெளியே அனுப்பி, பையனின் கால்களைப் பட்டையால் கட்டி, கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தை இடுப்போடு குறுக்கி, அப்பா கைகளைப் பிடிக்க, அழுகையின் நடுவே பையன் ஒரு கணம் அசையாமல் இருந்தபோது பட்டனை அழுத்தினேன்.

ஒரே படம். உள்ளே பேட்டரி எங்கும் இல்லை. டாக்டரும் பார்த்து உறுதி செய்தார்.

3. "தூக்கலாமா?"

கயிற்றை இடுப்புக்கு ஏற்றிவிட்டு, பையனை உள்ளே வந்த தாயிடம் நீட்டினேன். அவள் சுவரோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பவே தூக்கலாமாக்கா? பால் குடுக்கலாமா? இல்ல, குளிப்பாட்டிட்டுத்தானா?"

"இப்பவே தூக்கலாம். லைட்டை அணைச்ச பிறகு ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அது மாதிரிதான்."

"உங்க பிள்ளைன்னாலும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"ஆமா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் பிள்ளையை வாங்கி, ஜெல் பிசுபிசுப்போடு மார்பில் அணைத்துக்கொண்டாள். நான் கன்சோல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அது ஆஸ்பத்திரிக் கிருமிக்காக, என்றும் விடக்கூடாதது. கணவர் வழக்கம்போல் மகளை ஜன்னல் பக்கம் தூக்கிப் போகத் திரும்பினார். "குடுங்க" என்றேன். "குளிக்கல?" என்றார். "அப்புறம்." மகள் என் கழுத்தில் முகத்தைத் தேய்த்தாள். ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒருமுறை தோன்றத்தான் செய்தது. ஆனாலும் நான் அவளை இறக்கிவிடவில்லை.

இந்த அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இரண்டாவது படம் கையில் இருக்கிறது என்று நினைத்து முதல் படத்தை எடுக்காதீர்கள். கேட்கிற தாய்க்கு, நீங்களும் வீட்டுக்குப் போய் அதன்படி நடந்துகொள்ளக்கூடிய பதிலையே சொல்லுங்கள்.