பத்தொன்பது கிலோ சைக்கிள்

எடை பார்க்கும் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு கொல்லிமலை பஸ்ஸில் எழுபது வளைவும் இறங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முள் வைத்த பழைய மிஷின் அது. ஏறி நிற்கிற இடத்தில் ஒட்டியிருந்த கறுப்பு ரப்பர், ஊர்ப்பட்ட பாதங்கள் பட்டு வழுவழுவென்று ஆகியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் தொடையை அழுத்திக்கொண்டு ஒரு பக்கம் சாயும். உள்ளே முள் கடகடவென்று ஆடும். பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல், "ஏனுங்க, மிஷின் யாவாரமுங்களா?" என்று கேட்டேவிட்டார். ஜன்னலோரம் இருந்த நர்சம்மா, "இல்லீங்க, சைக்கிள் வாங்கப் போறமுங்க" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். அந்த மனிதர் அதற்குப் பிறகு நாமக்கல் வரும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

நான் மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ராசிபுரத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். நர்சம்மா அங்கே கிராம சுகாதார நர்ஸ். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து மலையேறியவர், இருபது வருடத்துக்கு மேல் இறங்கவே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையில் தேவனூர் நாடு என்கிற பகுதியில் ஏழெட்டு ஊர்கள் அவர் பொறுப்பு. எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறாள், எவள் சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் வரப்பில் வீசுகிறாள் என்பதெல்லாம் ரெஜிஸ்டரைப் பார்க்காமலே சொல்வார். இத்தனை காலமும் ஹெல்த் இன்ஸ்பெக்டரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தும், பைக் இல்லாத நாளில் நடந்தும் சமாளித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் ரிடையர் ஆனார். நர்சம்மாவின் வலது முழங்கால் அதற்கு முன்பே ரிடையர் ஆகியிருந்தது.

டாக்டர் நல்ல மனதோடுதான் சொன்னார். "இன்னும் ரெண்டு வருஷந்தானே சிஸ்டர், கீழ ஆபீஸ்ல உக்காந்து ரெஜிஸ்டர் எழுதற வேலைக்கு மாத்தச் சொல்லி எழுதட்டுமா?" நர்சம்மா பதறிப்போய்விட்டார். நேராக லேபுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "கடைசி நாளு வரைக்கும் என்ற ஊருகளுக்குப் போய்ட்டு வந்துதான் இந்த யூனிஃபார்ம் சேலைய மடிச்சு வெக்கோணும் கண்ணு. என்னக் கீழ எறக்கி உட்ராதீங்க" என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றுதான் நான் பெரிய மனுஷி மாதிரி, "பேட்டரி சைக்கிள் வாங்கிரலாமுங்க்கா, லைசென்ஸ்கூட வேண்டியதில்ல" என்று வாயை விட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் போனும் கையுமாக அலைந்தேன். எந்த வண்டி ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், மோட்டார் முன் சக்கரத்தில் இருந்தால் நல்லதா பின் சக்கரத்தில் இருந்தால் நல்லதா, டிஸ்க் பிரேக் மழையில் பிடிக்குமா என்று தினமும் ஒரு பாடம் நடத்துவேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நர்சம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: "எத்தன கிலோ கண்ணு?" காரணம் இல்லாமல் இல்லை. அவர் போகிற வழியில் ஒரு கோயில். அதற்கு முன்னால் நிற்கிற பலா மரத்திலிருந்து கோயில் தாண்டிய கல்படி வரைக்கும் யாரும் வண்டியில் ஏறிப் போகக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த இடம் பார்த்து நல்ல ஏற்றம் வேறு. கல்படியில் வண்டியைத் தூக்கித்தான் மேலே வைக்க வேண்டும். "யாரும் இல்லாத நேரம் சுவிட்சப் போட்டா யாருக்குத் தெரியப் போகுது, நீங்க ஏசு சாமி கும்பிடறவங்கதான?" என்று நான் ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அவுங்க ஊட்டுக்குள்ள போய்ப் புள்ளையத் தொட்டுப் பாக்கறமல்ல, அவுங்க வாசல்ல எறங்கி நடக்க என்ன கேடு?" என்றார்.

எனவே எங்களுக்கு வேண்டியது ஓட்டுவதற்கு நல்ல வண்டி இல்லை, தள்ளுவதற்கு நல்ல வண்டி. இதை நாமக்கல் சைக்கிள் கடைக்காரருக்கு விளங்க வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. அவர் தடித்த டயர் போட்ட ஒரு முரட்டு வண்டியைக் காட்டி, எந்த மேடானாலும் சும்மா இழுக்கும் என்றார். "ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிப் பாக்கலாமுங்களா?" என்றார் நர்சம்மா. "தள்றதுக்கு யாருங்கம்மா பேட்டரி வண்டி வாங்குவாங்க?" என்று அவர் சிரித்தார். நர்சம்மா சிரிக்கவில்லை. கடை வாசலில் லாரி ஏறுவதற்குப் போட்டிருந்த சாய்வில் ஒவ்வொரு வண்டியையும் செருப்பில்லாமல் தள்ளி ஏற்றிப் பார்த்தார். கடைசியில் ஒல்லியாக, வெள்ளை நிறத்தில் ஒன்று அவருக்குப் பிடித்தது. பேப்பரில் பதினேழு கிலோ என்று போட்டிருந்தது. "பேப்பர்ல என்ன வேணாலும் எழுதுவாங்க. புள்ள நல்லாத் தேறிட்டான்னு தாயிங்க சொல்றத நாம நம்பறமா?" என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து மிஷினை எடுத்தேன்.

அழுகிற குழந்தையை மிஷினில் தனியாக நிறுத்த முடியாது, முள் நிற்காது. அதனால் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். பிறகு அம்மா மட்டும் ஏறுவாள். கழித்தால் குழந்தையின் எடை. சைக்கிளுக்கும் அதே வைத்தியம்தான். நான் ஏறுகிறேன் என்றதற்கு, "நாந்தான தூக்கிப் படியேத்தோணும், நானே தூக்கறன்" என்று நர்சம்மா மல்லுக்கு நின்றார். வண்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்: எண்பது. இறக்கி வைத்துவிட்டுத் தனியாக ஏறினார்: அறுபத்தொன்று. "பத்தொம்போது! ரெண்டு கிலோ பொய்!" என்று நான் கடையே கேட்கும்படி கூவினேன். பெடலும் ஸ்டாண்டும் கணக்கில் வராதுங்க என்று கடைக்காரர் முனகினார். இருந்தாலும் அங்கிருந்ததிலேயே அதுதான் லேசு. நான் மார்க்கர் பேனாவால் மிஷினின் அடியில், நர்சம்மா 61, சைக்கிள் 19 என்று எழுதி வைத்தேன். சந்தையில் மரவள்ளிக்கிழங்கை இறக்கிவிட்டுக் காலியாக மலையேறிய மினி லாரியில் சைக்கிள் வந்து சேர்ந்தது.

அடுத்த சில மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதை மறைப்பானேன். காலையில் தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவார். மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே அந்த வெள்ளை வண்டி சத்தமே இல்லாமல் போவதைப் பார்க்க நானும் வாசலுக்கு வந்துவிடுவேன். சத்தம் இல்லாததில் ஒரு வசதியும் இருந்தது. பைக் சத்தம் கேட்டதும் ஊசிக்குப் பயந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறவர்கள் இப்போது வசமாக மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்ததும் வேலையே இல்லாமல் செம்மேட்டுக் கடைத்தெருவுக்கு ஒரு சுற்று போய்வருவார். "எதுக்குங்க்கா போனீங்க?" என்றால், "சும்மாதான்" என்பார். சும்மா ஒரு இடத்துக்குப் போய்வருவது அவருக்கு அந்த வயதில்தான் வாய்த்தது.

மழைக்காலம் முடிவதற்குள் நர்சம்மா இளைத்துவிட்டார். எல்லோருக்கும் ஆச்சரியம். "சைக்கிள் நல்லா வேலை செய்யுதுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். மருந்து கொடுக்கிறவர் தன் மனைவிக்கும் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். நானோ ஒரு படி மேலே போனேன். ரவிக்கை தொளதொளவென்று தொங்குகிறதே என்று அவருடைய யூனிஃபார்ம் ரவிக்கைகள் நான்கையும் வாங்கிப் போய், இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். "இப்பத்தானுங்க்கா கொமரிப்புள்ளையாட்ட இருக்கறீங்க" என்று கிண்டல் வேறு. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். தினமும் இருபது பேர் விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறவள் நான். அவருடைய விரலை ஒரு நாள் நீட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வண்டி இழுக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். கோயில் ஏற்றத்துக்கு முன்பே இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது, தள்ளவும் கனக்கிறது என்றார். எனக்குக் கடைக்காரர் மேல் பொத்துக்கொண்டு வந்தது. போனில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். பாவம், அந்த மனிதர், மலைக்கு ஒரு பேட்டரி போதாதுங்க, கேரியரில் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம், இரண்டு கிலோ கூடும் என்றார். நர்சம்மா தயங்கினார். "ரெண்டு கிலோதானுங்க்கா, அதான் நீங்க இளைச்சுட்டீங்கல்ல, செரியாப் போச்சு" என்றேன். சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

தை மாதத்து மத்தியானம். புறநோயாளிகள் போய்விட்டார்கள், வெளியே பனி இன்னும் விலகவில்லை. ஊருக்குப் போனபோது வாங்கிவந்த புதுப் பேட்டரியை நானே ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். கடைக்காரரின் இரண்டு கிலோவையும் சோதித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். "வேண்டாங்கண்ணு" என்றார். "அட ஏறுங்க்கா, படியில தூக்க முடியுதான்னும் பாத்தாப்பல ஆச்சு" என்று மிஷினைக் காலடியில் தள்ளினேன். தூக்கிக்கொண்டு ஏறினார். அவர் எப்படித் தூக்கினார் என்று நான் பார்க்கவில்லை, நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்து மூன்று. அவர் இறங்கியதும் மிஷினைத் திருப்பி அடியில் எழுதியிருந்த அறுபத்தொன்றைக் கழித்தேன். பன்னிரண்டு. "இதென்ன கூத்து! பேட்டரி மாட்டுனதும் சைக்கிள் ஏழு கிலோ கொறஞ்சிருக்குது!" என்று சிரித்தேன். மிஷினைத் தட்டினேன். நான் ஏறி நின்று பார்த்தேன். என் எடையைச் சரியாகத்தான் காட்டியது. மறுபடியும் கணக்குப் போட்டேன், மறுபடியும் பன்னிரண்டு. நர்சம்மா ஹேண்டில் பாரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஷின் செரியாத்தான் இருக்குது கண்ணு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிள் இருபத்தொரு கிலோதான். அது குறையவில்லை, தூக்கியவர்தான் ஒன்பது கிலோ குறைந்திருந்தார்.

தீபாவளிக்கு முன்பிருந்தே சோறு இறங்கவில்லையாம். அடிவயிற்றில் கைக்குத் தட்டுப்படுகிறதாம். ஊரார் வயிற்றையெல்லாம் தொட்டுப் பார்த்தவருக்குத் தன் வயிற்றில் இருப்பது தெரியாமலா இருந்திருக்கும். "இன்னம் ஒன்னேகால் வருஷந்தான் சாமி, ஓட்டிருவன். டாக்டருகிட்டச் சொல்லாத, கீழ எறக்கி உட்ருவாங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அன்றைக்கே சொன்னேன். மறுநாள் டாக்டரின் காரில் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கியதும் நான்தான். எழுபது வளைவிலும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். நாலு மாதத்துக்கு முன்னால் நான் ரவிக்கை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மலைக்குத் திரும்பவில்லை. திருச்செங்கோட்டில் தங்கை வீட்டில் இருந்தார். கோபம் ஆறியதும் அவரே போன் செய்தார். எந்த ஊரில் யாருக்குப் பிரசவத் தேதி என்று சொல்லிவிட்டு, கடைசியில் "வண்டிக்கு சார்ஜ் போட்டியா கண்ணு? சும்மா உட்டா பேட்டரி செத்துப்போயிரும்" என்பார். போட்டேனுங்க்கா என்பேன். இப்போது எத்தனை கிலோ இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரை வரும். கேட்க மாட்டேன். கேட்டு என்ன செய்யப் போகிறேன். நான் செய்யக்கூடியதாக இருந்தது சார்ஜ் போடுவது ஒன்றுதான், அதைத்தான் சனிக்கிழமை தவறாமல் செய்தேன். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வயரைச் சொருகிக்கொண்டிருக்கும்போதுதான் அவருடைய தங்கையிடமிருந்து போன் வந்தது. பேட்டரி முழுதாக ஏறி பச்சை விளக்கு எரியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த ஊர்களுக்குச் சின்ன வயது நர்ஸ் ஒருத்தி ஸ்கூட்டரில் போகிறாள். கோயில் பக்கம் இறங்கித்தான் தள்ளுகிறாள், ஊர்க்காரர்கள் சொல்லியிருப்பார்கள். வெள்ளை சைக்கிள் லேப் சுவரில் சாய்ந்திருக்கிறது. தங்கை வேண்டாமென்று சொல்லிவிட்டார், எனக்கும் ஓட்ட மனம் வரவில்லை. புதிதாக நம்பர் காட்டுகிற மிஷின் வந்துவிட்டது. ஆனாலும் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் முள் மிஷினைத்தான் எடுத்துப் போடுகிறேன். அதன் அடியில் எழுதியதை அழிக்கவில்லை.

போன வாரம் ஒரு பெண் அழுகிற குழந்தையோடு வந்தாள். தூக்கிக்கொண்டு ஏறினாள், முள் நின்றது. இறங்கியவள் என் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ற எடைதான் போன மாசமே எழுதிட்டீங்களே, அதையே கழிச்சுக்கங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள். பஸ் போனால் அடுத்தது சாயங்காலம்தான், அது எனக்கும் தெரியும்.

"பஸ்ஸு போனாப் போகுது" என்றேன். "பாப்பாவ எங்கிட்டக் குடு. நீ மட்டும் ஏறு கண்ணு."