சுப்புராயன் ஜீப் ஏறாத மேடில்லை

மூங்கில்கொட்டாய்க்குப் போகிற தடத்தைப் பாதை என்று சொல்ல நெஞ்சில் தைரியம் வேண்டும். வடக்கனந்தலைத் தாண்டித் தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து, கல்வராயன் மலைச்சரிவில் கல்லும் பள்ளமுமாக ஏறும். நடுவில் ஓர் ஓடை. மேலே மரவள்ளி போட்டுப் பிழைக்கும் சில குடும்பங்கள். அவர்களை ஏற்றி இறக்க ஒரு வண்டி ஓட்ட வேண்டும் என்பதுதான் சுப்புராயனின் ஆசை.

பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். ஓடைக் கல் அடியில் இடிக்கிறது என்று சக்கரத்துக்கு மேலிருக்கும் வில்பட்டைகளைக் கூட்டி வண்டியை உயர்த்தினான். பெரிய டயர் மாட்டினான். பார்க்க ஆளை மிரட்டிய அந்த வண்டி, மூட்டைகளோடு முதல் மேடு ஏறும்போதே பின் ஆக்சிலை முறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் அன்சர் தலையில் அடித்துக்கொண்டார். "இம்மாம் பெரிய டயரப் போட்டுட்டு அந்தப் பழைய ஆக்சிலயே வச்சிக்கினு இருந்தா, அது இன்னாய்யா பண்ணும்? ஒசரத்த ஏத்துனா போதுமா?"

அந்தக் கோடை முழுக்க இருவரும் வண்டிக்கடியிலேயே கிடந்தார்கள். உடைக்கப் போட்டிருந்த பெரிய வண்டி ஒன்றின் கனத்த ஆக்சிலைத் தேடிப் பிடித்து ஜீப்புக்குப் பொருத்தினார்கள். வேகம் குறைந்தாலும் இழுவை கூடட்டும் என்று உள்ளே பல்சக்கரங்களை மாற்றினார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. அதன்பிறகு சுப்புராயன் ஜீப் ஏறாத மேடே இல்லை. முதல் நாள் அவன் மனைவி கொளஞ்சி முன் சீட்டில் உட்கார்ந்து, ஊர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

மழைக்காலம் வந்தது. பெரியநாயகி என்கிற கிழவியின் புருஷன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். பிணத்தைக் கொண்டுவந்த வண்டி தார் முடிகிற இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. சுப்புராயன்தான் கொட்டுகிற மழையில் ஓடையைத் தாண்டி வீட்டு வாசலில் சேர்த்தான். கிழவி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

செய்தி மலையெல்லாம் பரவியது. வேறெந்த வண்டியும் ஏறாத இடத்துக்கு ஏறுகிற வண்டியை யார் கூப்பிடுவார்கள்? உயிரோடிருப்பவன் மழை விடட்டும் என்று காத்திருப்பான். பிணம் காத்திருக்காது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள்தான் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே போன் செய்கிறவர்களிடம் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பிறகு ஆட்கள் ஏறுவது நின்றது. வழியில் நிறுத்தினால், "நீ போப்பா, நாங்க காலாற நடந்து வரோம்" என்றார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினான், கற்பூரம் காட்டினான், பெயிண்டைக்கூட மாற்றினான். ஒன்றும் பலிக்கவில்லை. பொண வண்டி என்று பெயர் வைத்தாயிற்று. தேவைப்பட்டபோது கும்பிட்ட அதே கைகள்தான் இப்போது வண்டியைக் கண்டால் பிள்ளைகளை ஓரமாக இழுத்தன. ஒருநாள் கொளஞ்சியும், "வாணாம் மாமா, எனக்கு வயித்தப் பெரட்டுது" என்று நடந்தே கீழே போனாள். ஊர் சொன்னது அவனுக்குப் பெரிதில்லை. அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

போன மார்கழியில் ஒரு காலை. மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த கொளஞ்சியை விரியன் கடித்தது. சுப்புராயன் அவளை அள்ளிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான். அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அதுல ஏத்தாத மாமா! ஏத்துனா நான் திரும்ப மாட்டன்!"

"உம் புருசன் வண்டிடி! கெட்டியா புடிச்சிக்கினு ஒக்காரு, இதோ போயிடலாம்."

அவள் உதறிக்கொண்டு கீழே விழுந்தாள். அவள் அம்மா தைலம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "பயத்துலயே எம்பொண்ணு உசுரு போயிரும்பா. ரோட்டாண்ட ஆம்புலன்ஸ் வருதாம். தூளி கட்டித் தூக்கிக்கினு போலாம்."

ஊர் ஆம்பளைகளும் அதையே சொன்னார்கள். சண்டை போடப் போட விஷம் ஏறும் என்று அவனுக்கும் தெரியும். கம்பளியை மூங்கிலில் கட்டி அவளைத் தூக்கினார்கள். எங்கேயாவது மனசு மாறுவாள் என்ற நப்பாசையில் சுப்புராயன் ஜீப்பைப் பின்னாலேயே ஓட்டிவந்தான். அவர்களின் நடைக்கு மேல் வேகம் போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஓடிப்போய்க் கேட்டான்: "ஏறிக்கிறியா கொளஞ்சி?" அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அப்புறம் தலை ஆடவில்லை.

ஓடைக்கரையில் தூளியை இறக்கினார்கள். தைலம்மாள் மகளின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, மருமகன் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எங்கப்பா நடக்கறது? வண்டில ஏத்து. வூட்டுக்குப் போலாம்."

ஏற்றினார்கள். தூக்கி வந்தவர்களும் ஒரு தயக்கமுமில்லாமல் கூடவே ஏறிக்கொண்டார்கள். சுப்புராயன் வண்டியைத் திருப்பி முதல் கியரைப் போட்டான். இந்த மேட்டிலாவது ஆக்சில் முறிந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினான். அது முறியவில்லை.