பதினாலுக்கு எதிர்க்கட்சி

லிஃப்ட் மெக்கானிக்கிடம் பதினாலைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. பதினாலு என்றால் அவர்கள் ஊர் கூடைப்பந்து டீமின் பெரிய ஆட்டக்காரன். முதுகில் போட்டிருந்த நம்பரே அவனுக்குப் பேராகிவிட்டது. மொட்டைமாடி மெஷின் ரூமில் கம்பி வடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருக்கும்போது, கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் சும்மா இருக்க மாட்டாமல் வாயைக் கொடுப்பார்.

"என்னண்ணே, இந்த வருஷம் நம்ம டீம் தேறுமா? அந்தக் கிழவனை வச்சுக்கிட்டு எங்கிருந்து ஜெயிக்கிறது?"

"யாருய்யா கிழவன்? நாப்பது வயசுல அவன் ஓடற ஓட்டத்தை நீ இருபதுல ஓடியிருப்பியா? மூணு மாடி ஏறதுக்குள்ள உனக்கு நாக்கு தள்ளுது. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவனுக்கே லிஃப்ட் கேக்குது!"

இதே மெக்கானிக்தான் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். "என்ன மாமா, உங்க ஆளு இன்னுமா ஆடறான்? கை தட்டி வழியனுப்பிடலாம்ல?"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வரும். மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிற குரல் அது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று பேசினால் கடைசி லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். "வாடா மாப்ள, வா! அவன் போனா நீ எதைப் பாத்துப் பொறாமைப்படுவே?"

மச்சானுக்குப் பதினாலு என்றால் உயிர் என்பது மாமாவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வீட்டில் மாமா ஆளுங்கட்சி, இவர் எதிர்க்கட்சி. மேட்ச் இருக்கிற நாளில் மெக்கானிக்கின் மனைவி, "கிளம்புங்க, சட்டசபைக்கு நேரமாச்சு" என்றுதான் சொல்லுவாள்.

எதிர்க்கட்சி ஆரம்பித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். மெக்கானிக்குக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். தலை வாரிவிட்டது, சோறு போட்டது, ஸ்கூலில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அக்காதான். அந்த அக்காவை, கழுத்துப் பட்டனைக்கூடப் போடத் தெரியாத ஒரு ஏலக்காரர் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். பையனுக்கு வயிறு எரிந்தது. முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாமாவிடம் பேசவே கூடாது என்ற முடிவோடுதான் போனான்.

அப்போது அவர்களுக்கு ஒரே ஒரு அறை. இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு கட்டில், தலையில் தட்டினால்தான் படம் தெரிகிற டிவி. அக்கா அடுப்படியில் இருந்தாள். மாமாவுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மார்க்கெட்டையே கலக்குகிற வாய், மச்சான் முன்னால் மூன்று தடவை "அப்புறம்?" என்றதோடு நின்றுவிட்டது. டிவியில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. பதினாலாம் நம்பர் போட்ட ஒரு ஒல்லிப் பையன், புதுசாக டீமுக்கு வந்தவன், பந்தை வாங்கி, வாங்கிய வேகத்திலேயே தவறவிட்டான்.

"இவன் பெரிய ஆளா வருவான் பாரு" என்றார் மாமா.

மச்சான் பையனுக்கு அதுவரை கூடைப்பந்தில் கூடை எது, பந்து எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் விடுவானா? "இவனா? ரெண்டு சீசன் தாங்க மாட்டான்" என்றான்.

மாமாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன் தாங்க மாட்டான்? சொல்லு. நீ சொல்லு" என்று உட்கார்ந்தார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் பையன் தானாகவே வந்தான், எதிரியை மடக்குவதற்கு வேண்டிய விஷயங்களைப் பேப்பரில் படித்துவிட்டு. அப்படிப் படித்துப் படித்துத்தான் அவனுக்குப் பதினாலு மேல் பைத்தியம் பிடித்தது. அதை எந்த வாயால் மாமாவிடம் சொல்வது? சொல்லவே இல்லை.

எத்தனை நாள் போயிற்று அப்படி! கரண்ட் போன சாயங்காலங்களில் பேட்டரி ரேடியோவை ஜன்னல் கம்பியில் கட்டி, காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார்கள். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், பதினாலின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவன் பழையபடி எழும்புவானா மாட்டானா என்று கத்திச் சண்டை போட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினார்கள். டீம் கோப்பை வாங்கிய வருஷம் கடைசி ஆட்டத்துக்கு நேரில் போய், கூரையில் தலை இடிக்கிற மேல் வரிசையில் நின்று பார்த்தார்கள். மணி அடித்ததும் பதினாலு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். மெக்கானிக் திரும்பி நின்றுகொண்டார்.

"கண்ணுல என்னடா?"

"தூசி மாமா."

"கூரை போட்ட ஸ்டேடியத்துல ஏதுடா தூசி?" என்ற மாமா, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். இந்த விஷயத்தை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. நல்ல மனுஷன், சும்மா சொல்லக்கூடாது.

அந்த மனுஷன் இந்த சீசன் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஏலம் விட்டுக்கொண்டே விழுந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் உருத்தெரியாமல் வரும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த பிறகு மாமா வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். என்ன வேண்டுமென்றாலும் இடது கையால் காட்டுவார்.

மெக்கானிக் மேட்ச் நாளில் தவறாமல் போனார். போய் என்ன செய்தார் தெரியுமா? நல்ல பிள்ளையாகிவிட்டார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஜுரக்காரனிடம் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசினார். "நீங்க சொன்னதுதான் சரி மாமா. பதினாலு மாதிரி ஒருத்தன் இனி பொறக்கணும். டீம் இந்த வருஷம் பிளேஆஃப் போயிடும், பாருங்க."

மாமா அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தடவையும் அதே கதை. அதற்கடுத்த தடவை ஆட்டம் பாதியில் இருக்கும்போதே, டிவியை அணைக்கச் சொல்லி இடது கையால் காட்டினார். மெக்கானிக் இன்னும் கனிவாக, "அசதியா இருக்கா மாமா? தூங்குங்க, தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிட்டார். மாமா அதை உதறிவிட்டார்.

அக்கா வாசல் வரை வந்தாள். "தம்பி, தப்பா எடுத்துக்காதே. நீ வந்துட்டுப் போனா அன்னிக்கு அவரு சரியா சாப்பிடறதில்ல. கொஞ்ச நாளைக்கு வராம இருந்து பாரேன்."

மெக்கானிக் ஒரு கால் செருப்போடு நின்றார். அம்மா இல்லாத பிள்ளைக்குப் போக ஒரு வீடு என்று இருந்தது இது ஒன்றுதான். "கடைசி லீக் மேட்ச் ஒண்ணு இருக்குக்கா. அதை மட்டும் அவரோட பாத்துடறேன். அப்புறம் நீ கூப்பிட்டா வரேன்" என்றார்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் பிளேஆஃப், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாமாவை அன்றைக்கு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். கைப்பிடி வைத்த நடை ஸ்டாண்டு சுவரோரம் நின்றது. மெக்கானிக் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினாலு நல்ல ஃபார்மில் இல்லை. பின்னால் ஓடி வருவதற்குள் எதிரணிப் பொடியன்கள் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். கடைசி நிமிஷத்தில், ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கும்போது, அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் குறுக்கே வராமல், நின்ற இடத்திலிருந்து போடுகிற பந்து. முதலாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வளையத்தைக்கூடத் தொடவில்லை.

"அடப்பாவி!" மெக்கானிக் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். எல்லாம் மறந்துபோயிற்று. "வீட்டுக்குப் போய்த் தொலையேன்யா! காலு இழுத்துக்கிட்டு வருது, கை தூக்க முடியல, இன்னும் என்னய்யா ஆட்டம் உனக்கு? உன் காலம் முடிஞ்சுபோச்சு, போய்ப் படு!"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, தான் என்ன சொன்னோம் என்று. அடுப்படி வாசலில் அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மெக்கானிக்குக்கு மாமாவின் பக்கம் திரும்பத் தைரியமில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தார். மாமாவின் முகம் சிவந்திருந்தது. இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, என்னென்னவோ சத்தங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. அதில் ஒரு வார்த்தையும் வார்த்தையாக இல்லை. ஆனால் வேகம் இருந்தது, ஏற்றம் இறக்கம் இருந்தது, நடுவில் ஒரு நக்கல்கூட இருந்தது. கடைசியில் மோவாயைத் தூக்கி, பதில் சொல்லு பார்ப்போம் என்று காத்திருந்தார்.

மெக்கானிக்குக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை எடுத்து, மாமாவுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாமா. வளையத்துல பட்டுத் திரும்பற பந்தைப் பிடிக்க, அதான் ரீபவுண்டுக்கு, தரையை விட்டு எழும்ப முடியுதா அவனால? அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

மாமா அதற்கும் நீளமாகப் பதில் சொன்னார். இவர் குறுக்கே பேசினார். மாமா விடாமல் அவர் முழங்காலில் அடித்து அடக்கினார். டிவியில் ஆட்டம் முடிந்ததையும் யார் ஜெயித்தது என்பதையும் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்து தம்பியின் தோளைத் தொட்டாள். "ஏண்டா, அவரு சொல்றது உனக்குப் புரியுதா?"

"ஒரு எழுத்து புரியலக்கா" என்றார் மெக்கானிக். "ஆனா சொல்றதெல்லாம் தப்பு."

மாமா இன்னும் சத்தமாக ஆரம்பித்தார்.