கொதிக்கும் மணலில் நின்றவன்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று ஆரம்பிக்கிற ஆட்களை நான் பக்கத்தில் சேர்த்ததே கிடையாது. பாதிப் பேர் குடித்துவிட்டு உளறுவார்கள், மீதிப் பேர் தாங்கள் செய்த தப்பை மறைக்கப் பேயை இழுப்பார்கள். இன்றைக்கும் என் எண்ணம் அதுதான். அப்படிப்பட்ட நானே உங்கள் எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது இல்லாமல் போகாது.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறையில் நான் கிரேன் டிரைவர், வீடு காலடிப்பேட்டை. கூரைக்குக் கீழே, சுவருக்குச் சுவர் ஓர் இரும்பு உத்தரம், இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் ஓடும். அதில் தொங்குகிற கூண்டில் நான் இருப்பேன். உருக்கிய இரும்பை ஒரு பெரிய வாளியில் தூக்கி, வேலை செய்கிறவர்கள் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், தரையில் இருக்கிற மணல் அச்சுகளில் ஊற்றக் கொடுக்க வேண்டும். கீழே நின்று எனக்குக் கை காட்டுகிறவன் காசிம், தண்டையார்பேட்டைக்காரன்.

அந்த வருஷம் கிரேனை நவீனமாக்குகிறோம் என்றார் மேனேஜர். நவீனம் என்றால் என்ன? மஞ்சள் பெயிண்ட். கூடவே ஒரு புது மோட்டார், முன்னைவிட வேகமாகத் தூக்கும். தூக்கியதைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் மட்டும் தேய்ந்துபோன அதே பழைய பிரேக். முதலாளி வந்தார், கிரேனுக்கு மாலை போட்டார், அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாந்து ஒரு தடவை பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

"சார், பாரம் தொங்கச்சொல்லோ வழுக்குது சார், பிரேக்க மாத்திடுங்க" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன்.

"ஓடுதில்ல? ஓடறதை ஏன்பா நிறுத்தச் சொல்றே?" என்பார் மேனேஜர். பெரிய படிப்புப் படித்த தலை, அதற்குள் இவ்வளவுதான் இருந்தது.

ஒரு நாள் காலையில் வாளி நிறைய இரும்பை எடுத்துக்கொண்டு வருகிறேன். தூரத்து முனையில் காசிம் நின்று வா வா என்று கை காட்டுகிறான், அவனைச் சுற்றி அச்சு செய்கிற ஆட்கள், மணல் கூடை தூக்குகிற பெண்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் அப்போதுதான் இரும்பு ஊற்றி முடித்த அச்சுகள் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன. அந்த மணலில் செருப்போடு கால் வைத்தாலே தோல் உரிந்துவிடும். நம்பினால் நம்புங்கள், அதன் மேல் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். வெறுங்கால், வெற்றுடம்பு, முகம் புகையில் சரியாகத் தெரியவில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, நிறுத்து என்று காட்டினான்.

எவன்டா இந்தச் சனியன் என்று திட்டிக்கொண்டே சட்டென்று நிறுத்தினேன், வேறென்ன செய்வது, இரும்புக் குழம்பைக் கொண்டுபோய் அவன் தலையிலா கொட்ட முடியும்? கிரேன் சறுக்கிக்கொண்டு போய் அவன் தலைக்கு நேரே நின்றது. நின்ற வேகத்தில் வாளி ஓர் ஆட்டம் ஆடியது, மேலே பிரேக் கிறீச்சென்று கத்தியது, அவ்வளவுதான், வடம் அவிழ்ந்து ஓட வாளி நேராகக் கீழே போய் விழுந்தது. அவன் நின்ற இடத்திலேயே. தீப்பொறி கூரை வரைக்கும் வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் மணலில் நெருப்பு ஓடுகிறது, ஆளைக் காணோம். எரிந்த துணியில்லை, எலும்பில்லை, ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்தார்கள், பட்டறை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் அது காசிம் தலையிலும் அந்தப் பெண்கள் தலையிலும் விழுந்திருக்கும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நடுவுல ஏன் நிறுத்தினே? நீ நிறுத்தின ஆட்டத்துலதான் விழுந்துது. சீட்டைக் கிழிச்சிடுவேன்" என்றார். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் குழைந்துகொண்டே, "ஏதாச்சும் கண்டு பயந்துட்டியாப்பா? சொல்லு, ஒரு பூசை போட்டுடலாம்" என்றான். மேனேஜர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பேய் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிரேக் தப்பித்துவிடும், அவரும் தப்பித்துவிடுவார்.

"நான் ஒண்ணியும் பாக்கல சார். பிரேக் கத்துச்சு, நிறுத்தினேன்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

ஆனாலும் மறுநாள் பூசாரியும் பூசணிக்காயும் வந்துவிட்டார்கள். காசிம்தான் முன்னால் போய், "பூசணிக்காய பிரேக்ல கட்டப் போறீங்களா சார்? அந்தக் கலீஜ மாத்துற வரிக்கும் அதுக்குக் கீய ஒருத்தனும் நிக்க மாட்டான்" என்றான். சொன்னபடியே எல்லோரும் வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தார்கள், பெண்களும்தான். வாரம் முடிவதற்குள் புது பிரேக் வந்தது. மேனேஜர் அதைத் தன்னுடைய யோசனை என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டாராம். வெட்கமென்று ஒன்று இருந்தால்தானே.

அந்தப் பட்டறையில் அதற்கு முன் யாரும் செத்ததாகக் கதைகூட இல்லை, விசாரித்துப் பார்த்துவிட்டேன். மணலில் பார்த்தவனைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, காசிமிடம்கூட.

ரொம்ப வருஷம் கழித்து காசிம் மகள் நிக்காவுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவன் மெதுவாகக் கேட்டான்: "மாமு, அன்னிக்கு வாளி வுயுந்துச்சே, கூண்டுல ஒன் பின்னாடி நின்னுகினு இருந்தானே, யாரு அவன்? புதுசா சேந்தவனா?"

அந்தக் கூண்டில் ஓர் ஆள் உட்கார்ந்தாலே முழங்கால் தகரத்தில் இடிக்கும்.

"யாருமில்லியே" என்றேன்.

"இன்னா மாமு, நான்தான் பாத்தேனே. ஒன் தோள் மேல கைய வெச்சிகினு இருந்தான்."

எந்தத் தோள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.