சவரிராயனின் கைப்பேச்சு

எதிர்வீட்டைப் பார்த்து சவரிராயன் இரண்டு விரலை உதட்டில் வைக்கிறார். டீக்கு வா என்று அர்த்தம். எதிர்வீட்டு முருகையன் வயிற்றைத் தடவிக் காட்டுகிறார், இப்போதுதான் குடித்தாராம். சவரிராயன் விடுகிற ஆளா? மறுபடியும் இரண்டு விரல். முருகையன் செருப்பைத் தேடுகிறார்.

நடுவில் இருப்பது ஒரு சந்து. கூப்பிட்டால் கேட்கும். ஆனால் இருவரும் மில்லில் பக்கத்துப் பக்கத்துத் தறிக்காரர்கள். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது, கைதான் பேசும். மில் மூடி எத்தனையோ வருஷமாகியும் பழக்கம் போகவில்லை.

"லைன் வூட்ல ரகசியம் பேச முடியுமா சார்? ஒரே செவுரு. இந்தாண்ட இருமுனா அந்தாண்டயிருந்து சுடுதண்ணி வரும்," என்கிறார் என்னிடம். அதைச் சொல்வதே தெருமுனைவரை கேட்கிறது.

"சர்ச் பூசையிலகூட இவரு கை சும்மா இருக்காது. கிள்ளி வெப்பேன்," என்று உள்ளேயிருந்து மனைவி ரோசா.

அந்தக் காலத்தில் மில் சங்கு ஊதினால் லைன் முழுக்க அடுப்பு புகையும், குழாயடியில் சண்டை தொடங்கும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது பாதி வீடுகளில் பூட்டுதான்.

நெஞ்சில் தட்டி, பக்கத்துத் தறியைக் காட்டிக் கையை வட்டமாகச் சுற்றினால், 'நீ போய்ட்டு வா, உன் தறிய நான் பாத்துக்கறேன்' என்று அர்த்தம்.

"முருகையன் பொண்டாட்டிக்கு வலி எடுத்த அன்னிக்கு ரெண்டு பேரு தறியும் நான்தான் ஓட்னேன். ஒரு இழை அறுந்திருக்குமா, கேளுங்க!"

அன்று பிறந்த துர்காதான் இப்போது அப்பாவை ஓசூருக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். அம்மாவும் இறந்துவிட்டார், வீட்டுக்கூரை ஓடும் சரிந்துவிட்டது, தனியாக விட மனமில்லை. அவள்மேல் தப்பே இல்லை. இனி சவரிராயன் கை யாரோடு பேசும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

டீ முடிந்ததும் முருகையன் தன் வீட்டுக் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

"பெரியப்பா, அப்பாகிட்ட வாய்தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள் துர்கா.

கார் கண்ணாடி ஏறியது. உள்ளேயிருந்து முருகையன் பூட்டிய வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிராயன் நெஞ்சில் தட்டினார். அந்த வீட்டைக் காட்டிக் கையை வட்டமாகச் சுற்றினார். கார் முனை திரும்பிய பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார்.