தம்பி காரின் டாங்கி

குழந்தைசாமியின் லாரியைத் தின்றது கருவாடு. கோட்டைப்பட்டினத்தில் ஏற்றும் மூட்டைகள் பாதிதான் காய்ந்திருக்கும். அவற்றிலிருந்து சொட்டிய உப்புநீர், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்ரோல் டாங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் குழந்தைசாமி சவுக்காரக் கட்டியைத் தேய்த்து அடைத்தான். குளிக்காத வண்டிக்கு அவ்வளவு சவுக்காரம் செலவழித்தவன் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வேறு யாரும் இல்லை.

யுத்த காலம். கூப்பனுக்குக் கிடைக்கும் சொற்பப் பெட்ரோலை ரோட்டுக்கு வார்த்துக்கொண்டே போக முடியாது. புது டாங்கியும் எங்கும் கிடைக்காது. லாரியின் முதலாளி அடைக்கப்பன் ஒருநாள் வழி சொன்னார்.

“நம்ம கார் கொட்டகையிலதானே கெடக்கு. முன்பக்கந்தான் நொறுங்கிப்போச்சு. டாங்கி பின்னாடி நல்லாத்தானே இருக்கு?”

நல்லாத்தான் இருந்தது. அந்தக் காரை ஓட்டியவன் குழந்தைசாமியின் தம்பி திருப்பதி. திருமயம் ரோட்டில் புளியமரத்தில் மோதி, காரின் முன்பக்கத்தோடு அவனும் போய்விட்டான். நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து குழந்தைசாமிக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பிட்டான், ஓட்டினான், தூங்கினான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதார்கள். அவர்களுக்கு இவன் ஆறுதல் சொன்னான்.

“போட்டுரலாங்க மொதலாளி,” என்றான்.

“போட்டு, நான் கூட வந்து பாப்பேன். வழியில நின்னுச்சுன்னு வச்சுக்க, காயலான்கடைக்குத் தூக்கிப் போட்டுருவேன். அப்பறம் ஏங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

லாரி போனால் வேலை போகும். அவன் வீட்டு உலையும், தம்பி வீட்டு உலையும் அந்த ஒரே வண்டியில்தான் கொதித்தன. இது அவனுக்குத் தெரிந்திருந்தது, இன்று வெள்ளிக்கிழமை என்று தெரிந்திருப்பதைப் போல.

கார் டாங்கி அகலம். சீட்டுப் பெட்டி குறுகல். குறுக்கே போட்டால் கதவு மூடவில்லை, நெடுக்கே போட்டால் பெட்ரோல் ஊற்றும் வாய் கதவுக்குப் பின்னால் மறைந்தது. தகரம் பற்றவைக்கும் நாகராசு அந்த வாயை அறுத்து இடம் மாற்றி ஒட்டினான். பெட்டியின் பலகையைக் கழற்றி, டாங்கியை இரும்புப் பட்டையால் இறுக்கி, மேலே சீட்டை வைத்தார்கள். சீட்டு நாலு விரற்கடை உயர்ந்துவிட்டது.

“ராசா மாதிரி ஒக்காந்து ஓட்டலாம்ண்ணே,” என்றான் நாகராசு.

“தலை இடிக்கிது.”

“ராசான்னா அப்பிடித்தான்.”

சனிக்கிழமை விடியற்காலையில், பெட்ரோல் ஊற்றுமுன், குழந்தைசாமியின் தாய் சின்னப்பிள்ளை செம்பும் கையுமாகக் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

“ஏண்டா, அது எழவு கண்ட தகரம்டா. அப்பிடியே தூக்கி வச்சுக்கிட்டு ஓட்டுவியா? ஒன்னையும் வாரிக் குடுக்கவாடா நான் இருக்கேன்?”

“இரும்புக்கு என்னாத்தா தீட்டு?”

“இரும்புக்கு இல்லடா, எனக்கு.”

வாதாடுவதற்கும் கொஞ்சம் கோபம் வேண்டும். அவனிடம் அது கையிருப்பில் இல்லை. “ஊத்திக்க,” என்றான். அவள் மஞ்சள் தண்ணீரை டாங்கிக்குள் ஊற்றிக் கும்பிட்டாள். அவள் போனதும் டாங்கியின் அடித்திருகைக் கழற்றி வடித்தான். சொட்டு நின்றதும் திருகை மூடினான். டாங்கிக்குள் பெட்ரோல் அலம்பாமலிருக்கத் தடுப்புத் தகடுகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் தேங்கியது வடிய நேரமாகும். நன்றாகத் தெரிந்த விஷயம். அன்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோட்டைப்பட்டினம் வரை வண்டி சொன்னபடி கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அடைக்கப்பன், வழியெல்லாம், பகுத்தறிவுள்ளவனுக்கு எமகண்டமும் கட்டுக்கதைதான் எமதர்மனும் கட்டுக்கதைதான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூட்டை ஏற்றித் திரும்பும்போது அறந்தாங்கிக்கு இப்பால் ரோடு குண்டும் குழியும். வண்டி இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் நின்றுவிட்டது.

“முடிஞ்சுதா?” என்றார் அடைக்கப்பன்.

குழந்தைசாமி கீழே படுத்து, திருகைத் தளர்த்தி, உள்ளங்கையை ஏந்தினான்.

“என்னய்யா இது, மஞ்சளா வருது?”

“மஞ்சத்தண்ணிங்க. ஆத்தா ஊத்துனுச்சு.”

“டாங்கிக்குள்ளயா? எதுக்கு?”

“தீட்டுக் கழிக்கங்க.”

அடைக்கப்பன் திட்டுவார் என்று எதிர்பார்க்கலாம். அவர் சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “தீட்டுப் போயிருச்சாமா?”

“அது தெரியலீங்க. தண்ணிதான் இன்னம் போகல.”

கையில் இருந்ததை அவன் உடனே கொட்டவில்லை. மஞ்சளும் பெட்ரோலும் கலந்த வாசனை. தம்பியைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது கையில் இதே வாசனைதான் இருந்தது. முன்பக்கக் குழாய் உடைந்து கொட்டிய பெட்ரோலின் நெடி, எத்தனை குடம் ஊற்றியும் அவன் உடம்பிலிருந்து போகவில்லை. விரலிடுக்கு வழியாக எல்லாம் ஒழுகும்வரை அப்படியே படுத்திருந்தான். பிறகு வேட்டியில் கையைத் துடைத்தான்.

“முழுக்க வடிக்காத,” என்றார் மேலேயிருந்து அடைக்கப்பன். “கொஞ்சம் உள்ளயே கெடக்கட்டுமே. நல்லதுக்குத்தானே ஊத்துனா.”

“கெடந்தா வண்டி ஓடாதுங்க மொதலாளி.”

அவர் யோசித்தார். கடைசியில், “சரி, வடி,” என்றார். பெட்ரோல் தெளிந்து விழும்வரை வடித்துவிட்டு, குழாயையும் ஊதித் துப்பினான். முன்னால் போய் எஞ்சின் கைப்பிடியைச் சுற்றியதும் வண்டி கிளம்பியது. அடைக்கப்பனைக் காணவில்லை. தேடினால், சலவை வேட்டியோடு பின்னால் கருவாட்டு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“முன்னாடி வாங்க மொதலாளி. அங்க நாறும்.”

“இருக்கட்டும்ப்பா. இங்கதான் காத்து வருது.”

புதுக்கோட்டைச் சந்தையில் மூட்டை இறங்கியது. அடைக்கப்பன் இறங்கி, வேட்டியை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

“திங்கக்கெழமையும் லோடு இருக்கு. எடுத்துட்டுப் போ. நான் வரல.”

“சரிங்க.”

வேலை நிலைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று குழந்தைசாமிக்குத் தோன்றியது. சற்று நேரம் நின்று பார்த்தான், ஒன்றும் வரவில்லை. தம்பியின் மேல் உட்கார்ந்து, கொட்டகைக்கு வண்டியை எடுத்தான்.