ஆடு தின்ன ரிப்பனும் ராணி மரமும்

இன்னைக்கு ராகலை பஸ்ல கண்டக்டர், "ராணி மரம் எறங்குறவங்க வாங்க"ன்னு கூப்பிட்டாரு.

பக்கத்து சீட்டு புள்ள கேட்டுச்சு, "எந்த ராணிங்க, இங்கிலாந்து ராணியா?"

இல்லம்மா, அழகுராணி.

எண்பதுகள்ல கொழும்புல அழகுப் போட்டியில ஜெயிச்சவங்க. மண்சரிவ தடுக்க மரம் நடணும்னு தேயிலைத் தோட்டம் தோட்டமா போனாங்க. நாங்க குடியிருந்த லயத்து ரோட்டு முனையிலயும் ஒரு கன்னு நட்டாங்க.

போட்டோ எடுத்தாச்சு. தொரைமாரெல்லாம் வண்டியில ஏறியாச்சு. இவங்க மட்டும் ஏறல.

காத்துல கன்னு சாயுறத பாத்துட்டு, தோள்ல போட்டிருந்த பட்டத்து ரிப்பன கழட்டி, ஒரு கம்போட சேத்துக் கட்டுனாங்க.

"ஐயோ, அத கட்டாதீங்க நோனா"ன்னு எங்கம்மா தடுத்தாங்க.

"எனக்கு இந்தப் பட்டம் ஒரு வருஷத்துக்குத்தான்"ன்னு சிங்களத்துல சொல்லிட்டு சிரிச்சாங்க.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆடு வந்து ரிப்பன தின்னுருச்சு. கன்ன தொடல. எங்கம்மா பழைய சேலைய கிழிச்சு மறுபடி கட்டுனாங்க.

இப்ப மழைன்னா ஊரே அந்த மரத்தடியிலதான் பஸ்ஸுக்கு நிக்குது.

அவங்க பேரு எனக்கு மறந்துபோச்சு. யாருக்காவது அவங்கள தெரிஞ்சா, மரம் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க.

ஆட்டப் பத்தி மட்டும் சொல்லிடாதீங்க.